தத்தார்ஸ்தான்: யார் கையெழுத்திட்டார்கள், யாரால் ரத்து செய்ய முடிந்தது?

தத்தார்ஸ்தான் ரஷ்யாவுக்குள் இருக்கும் ஒரு குடியரசு. அதைப் பற்றிய கேள்வி இதுதான்: 1992ல் நடந்த இறையாண்மை வாக்கெடுப்பில் 61 விழுக்காட்டினர் "ஆம்" என்று சொன்ன பிறகும் தத்தார்ஸ்தான் ஏன் தனி நாடு ஆகவில்லை? அந்த முடிவு சட்டப்படி செல்லுமா, செல்லாதா? இதே தத்தார் மக்கள் 1917ல் தன்னாட்சியை அறிவித்தார்களே, அது என்ன ஆயிற்று?

இந்த மூன்றையும் ஒரே இழையில்தான் பார்க்க வேண்டும். வோல்கா நதிப் பகுதியின் துருக்கிய முஸ்லிம் இனமான வோல்கா தத்தார்களின் ஒவ்வொரு ஆவணத்தையும் கையில் எடுத்ததும் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். இதை எழுதிக் கையெழுத்திட்டது யார்? இதை ரத்து செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது? "இறையாண்மை", "தன்னாட்சி", "குடியரசு" என்ற பெரிய சொற்களை விட இந்த இரண்டும்தான் ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்தன. (கிரிமியத் தத்தார்களின் சட்ட வரலாறு தனிக் கதை. இங்கே பேசுவது கசானைத் தலைநகராகக் கொண்டவர்களைப் பற்றி.)

1552ல் இவான் நான்காவது ஜார் கான்கள் ஆண்ட கசான் கானேட்டைப் பிடித்ததோடு தத்தார்களின் அரசு முடிந்தது. அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அவர்களுக்கென்று சட்டம் ஏற்ற நிறுவனம் எதுவும் கிடையாது. 1788ல் இரண்டாம் கேத்தரின் உருவாக்கிய முஸ்லிம் சமயப் பேரவைதான் முதல் விதிவிலக்கு. முஃப்தியை நியமித்தது அரசு. பேரவை பார்த்துக்கொண்டது இமாம்களின் தேர்வு, திருமணம், வாரிசுரிமை. அரசியல் அதிகாரம் துளியும் இல்லை. ஆனால் ஊர் ஊராகப் பரவிக் கிடந்த மக்களை எல்லைக்கோடு இல்லாமலே ஒரே நிர்வாகத்தின் கீழ் வைக்கலாம் என்று அது காட்டியது. 1917ல் இந்த அனுபவம் கைகொடுத்தது.

1917 மே மாதம் மாஸ்கோவில் அனைத்து ரஷ்ய முஸ்லிம் மாநாடு கூடியது. அங்கே எழுந்த வாதம் இன்றும் தீரவில்லை. ரஷ்யா நிலப்பரப்பு அடிப்படையிலான கூட்டாட்சியாக வேண்டும், ஒவ்வொரு இனத்துக்கும் தன் நிலம் வேண்டும் என்றார் அஜர்பைஜானைச் சேர்ந்த ரசூல்சாதே. ரஷ்யா ஒரே குடியரசாக இருக்கட்டும், முஸ்லிம்களுக்குப் பண்பாட்டுத் தன்னாட்சி போதும் என்றார் ஒசெத்தியரான அஹ்மத் சாலிகோவ். 446க்கு 271 என்ற வாக்கில் ரசூல்சாதே பக்கம் வென்றது. தத்தார் தலைவர்களில் பலர் அந்த முடிவை ஏற்கத் தயங்கினார்கள். அதற்குக் காரணம் கோழைத்தனம் அல்ல, எண்ணிக்கை. அஜர்பைஜானியர் ஓரிடத்தில் திரண்டு வாழ்கிறார்கள். தத்தார்களோ கசான், உஃபா, சமாரா, ஓரன்பர்க், பெர்ம், சைபீரியா என்று சிதறியவர்கள். எந்த எல்லை போட்டாலும் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள்.

அதனால் அதே ஆண்டு ஜூலை 22 அன்று கசானில், முஸ்லிம் மாநாடு, முஸ்லிம் படைவீரர் மாநாடு, மதகுருமார் மாநாடு மூன்றும் சேர்ந்து அமர்ந்த கூட்டத்தில், உள்நாட்டு ரஷ்யா மற்றும் சைபீரிய முஸ்லிம் துருக்கிய-தத்தார்களின் தேசியப் பண்பாட்டுத் தன்னாட்சியை அறிவித்தார்கள். யாரிடமும் மனு கொடுக்கவில்லை, தாங்களே அறிவித்தார்கள். தேசியப் பேரவையான மில்லத் மஜ்லிசி நவம்பர் 20 அன்று உஃபாவில் கூடி 1918 ஜனவரி வரை நடந்தது. தேசிய நிர்வாகமான மில்லி இதாரேயின் தலைவர் சத்ரி மக்சூதி. அதன் கீழே கல்வி, நிதி, சமயம் என மூன்று துறைகள். வரி வசூலிப்பது, பள்ளிக்கூடம் நடத்துவது, இமாம்களைக் கவனிப்பது எல்லாம் நிலத்தை வைத்து அல்ல, ஆளை வைத்து. நீங்கள் பெர்மில் இருந்தாலும் அஸ்திரகானில் இருந்தாலும் தத்தார் என்றால் இந்த நிர்வாகத்தின் கீழ் வருவீர்கள்.

மஜ்லிசிக்குள்ளேயே இரண்டு அணிகள் இருந்தன. "துருக்கியர்" அணிக்குப் பண்பாட்டுத் தன்னாட்சி போதும். "மண்ணாளர்" என்று பொருள்படும் துஃப்ராக்சிலர் அணிக்கு நிலம் வேண்டும். நவம்பர் 29 அன்று மண்ணாளர் கை ஓங்கியது: இதில்-உரால் என்ற மாநிலத்தை அமைப்பது என்று முடிவானது. இதில் என்பது வோல்கா நதிக்குத் தத்தார்கள் வைத்த பெயர். உஃபா மாகாணம் முழுவதும், கசான், சிம்பிர்ஸ்க், சமாரா, ஓரன்பர்க், பெர்ம், வியாத்கா மாகாணங்களின் பகுதிகளும் சேர்ந்த திட்டம் அது. வரைவில் முன்னின்றவர் கலிம்ஜான் ஷரஃப். கவனியுங்கள், அது சுதந்திர நாடு அல்ல. ரஷ்யக் கூட்டாட்சிக்குள் ஒரு மாநிலம்.

அந்த மாநிலத்தைப் பிரகடனம் செய்யும் நாள் வரவே இல்லை. 1918 பிப்ரவரி இறுதியில் கசானில் முஸ்லிம் ராணுவப் பேரவையின் தலைவர்களைப் போல்ஷெவிக்குகள் கைது செய்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் புலாக் கால்வாய்க்கு அப்பால் இருந்த தத்தார் குடியிருப்பில் மார்ச் மாதம் முழுக்கத் தாக்குப்பிடித்தார்கள். வரலாற்றில் அதற்குப் புலாக்குக்கு அப்பாலான குடியரசு என்று பெயர். மாதக் கடைசியில் அதுவும் கலைக்கப்பட்டது. ஏப்ரலில் தேசிய நிர்வாகத்தையும் கலைத்தார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கைதுகள் நடந்துகொண்டிருந்த அதே 1918 மார்ச்சில், ஸ்டாலின் தலைமையிலான தேசிய இனங்கள் ஆணையம், தத்தார்களையும் அண்டை இனமான பஷ்கீர்களையும் சேர்த்து, தத்தார்-பஷ்கீர் சோவியத் குடியரசு என்று ஒன்றை அறிவித்தது. மண்ணாளர்கள் கேட்ட நிலம்தான் ஏறத்தாழ அதிலும் இருந்தது. கையெழுத்து மட்டும் மாறிவிட்டது. எல்லை அதேதான், கொடுக்கும் கை வேறு. அந்த ஆணை நடைமுறைக்கே வரவில்லை. 1919 மார்ச்சில் பஷ்கீர்களோடு மாஸ்கோ தனி ஒப்பந்தம் போட்டது. டிசம்பரில் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோ தத்தார்-பஷ்கீர் திட்டத்தைக் கைவிட்டது. அறிவித்தவர்களே ரத்து செய்துவிட்டார்கள், யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

1920 மே 27 அன்று லெனினும் கலினினும் கையெழுத்திட்ட அரசாணை தத்தார் தன்னாட்சி சோவியத் சோஷலிசக் குடியரசை உருவாக்கியது. அந்த ஆணை தன்னாட்சியை எப்படிப் பிரித்தது என்று பாருங்கள். உள்துறை, நீதி, கல்வி, சுகாதாரம், சமூகப் பாதுகாப்பு, விவசாயம் ஆகியவை குடியரசின் பொறுப்பு. உணவு, நிதி, தொழில், தொழிலாளர், போக்குவரத்து ஆகிய துறைகள் கசானில் இருந்தாலும் மாஸ்கோவின் துறைகளுக்கே நேரடியாகக் கட்டுப்பட்டவை. வெளியுறவும் வெளிநாட்டு வணிகமும் முழுக்க மையத்துக்கு. ஆக, பள்ளிக்கூடம் உங்களுடையது, அதற்கான பணம் எங்களுடையது.

எல்லையில் விழுந்த அடி இதைவிடப் பெரியது. உஃபா மாகாணத்தின் பிர்ஸ்க், பெலெபெய் மாவட்டங்களில் தத்தார்கள் அடர்த்தியாக வாழ்ந்தார்கள். இவை எங்கே சேரும் என்பதை அங்குள்ள உழைக்கும் மக்களின் விருப்பப்படி முடிவு செய்யலாம் என்று அரசாணையே சொன்னது. 1922 ஜூனில் அந்த மாவட்டங்களைப் பெரிய பஷ்கீரியாவோடு சேர்த்துவிட்டார்கள். ஆணையில் எழுதிய வாக்குறுதி எழுத்திலேயே நின்றது. 1926 கணக்கெடுப்பில் தத்தார் குடியரசுக்குள் தத்தார்கள் சுமார் 45 விழுக்காடு, ரஷ்யர்கள் 43 விழுக்காடு. பெரும்பான்மை இல்லாத பெயர்க் குடியரசு என்ற இந்த நிலை பின்னால் எடுத்த ஒவ்வொரு சட்ட அடியையும் கட்டிப்போட்டது. 1989ல் ரஷ்யாவில் 55 லட்சம் தத்தார்கள் இருந்தார்கள். அவர்களில் 17 லட்சத்து 65 ஆயிரம் பேர்தான் தங்கள் பெயர் தாங்கிய குடியரசில் வாழ்ந்தவர்கள்.

சோவியத் ஒன்றியம் உருவாகும்போது, தன்னாட்சிக் குடியரசுகளும் உக்ரைன், பெலாரஸ் போல நேரடியாக ஒன்றியத்தில் சேர வேண்டும் என்று 1922 டிசம்பரில் வாதாடியவர் தத்தார் கம்யூனிஸ்ட் தலைவர் மிர்சயித் சுல்தான்-கலியேவ். நேரடியாகச் சேர்ந்தால்தான் பிரிந்து போகும் உரிமை உட்பட எல்லாம் சமமாகக் கிடைக்கும். ரஷ்யக் குடியரசுக்குள் அடங்கினால் ஒரு படி கீழே. 1923 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். பின்னர் விடுவித்து, மறுபடி கைது செய்து, 1940 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள்.

அந்த ஒரு படியின் மதிப்பை எண்ணிலேயே காட்டலாம். 1977 சோவியத் அரசமைப்பின்படி நாடாளுமன்றத்தின் தேசிய இனங்கள் அவையில் ஒன்றியக் குடியரசு ஒவ்வொன்றுக்கும் 32 இடங்கள், தன்னாட்சிக் குடியரசுக்கு 11. 1989ல் சுமார் 15.7 லட்சம் மக்கள் கொண்ட எஸ்தோனியாவுக்கு 32. சுமார் 36.4 லட்சம் மக்கள் கொண்ட தத்தார் குடியரசுக்கு 11. ஏன் இப்படி என்பதற்கு ஸ்டாலின் 1936 நவம்பரில் காரணம் சொல்லியிருந்தார். ஒன்றியக் குடியரசுக்கு வெளிநாட்டு எல்லை இருக்க வேண்டும், பெயர்பெற்ற இனம் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், மக்கள்தொகை 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது. தத்தார், பஷ்கீர் குடியரசுகளையே உதாரணமாகக் காட்டி, நாலாபுறமும் சோவியத் நிலம் சூழ்ந்திருக்கும்போது இவை எங்கே பிரிந்து போகும் என்று கேட்டார். எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லாத இந்த அளவுகோல் அரை நூற்றாண்டு நின்றது.

1990ல் கதவு திறந்தது. ஏப்ரல் 26 அன்று வந்த சோவியத் சட்டம் ஒன்று தன்னாட்சிக் குடியரசுகளையும் கூட்டாட்சியின் அங்கங்களாகக் குறிப்பிட்டது. ஜூன் 12 அன்று ரஷ்யாவே தன் இறையாண்மையை அறிவித்தது. ஆகஸ்டில் கசானுக்கு வந்த ரஷ்யத் தலைவர் யெல்த்சின், விழுங்க முடிந்த அளவு இறையாண்மையை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆகஸ்ட் 30 அன்று கசானின் நாடாளுமன்றமான உச்ச சோவியத் தன் இறையாண்மைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. நிலமும் நிலத்தடி வளமும் குடியரசின் மக்களுடையவை. தத்தார், ரஷ்யன் இரண்டும் சமமான அரசு மொழிகள். பிரகடனம் பேசியது தத்தார்கள் பெயரில் அல்ல, குடியரசின் பல இன மக்கள் பெயரில். ரஷ்யாவின் அங்கம் என்ற சொல்லே அதில் கிடையாது, பிரிகிறோம் என்றும் இல்லை. இந்த மௌனம் தற்செயலானது அல்ல. ரஷ்யாவோடு உறவு இனி பேசித் தீர்மானிக்க வேண்டிய ஒன்று என்ற இடத்தை அது காலியாக வைத்தது. என் கணிப்பில் தத்தார்ஸ்தான் எடுத்த அடிகளிலேயே புத்திசாலித்தனமானது இதுதான்.

இப்போது 1992 மார்ச் 21 வாக்கெடுப்புக்கு வருவோம். கேள்வியைத் துண்டு துண்டாகப் படியுங்கள். "தத்தார்ஸ்தான் குடியரசு ஓர் இறையாண்மை உள்ள அரசு" என்பது முதல் துண்டு. "சர்வதேசச் சட்டத்தில் தனித்த தகுதி உடையது" என்பது இரண்டாவது. "ரஷ்யக் கூட்டமைப்புடனும் பிற குடியரசுகள், நாடுகளுடனும் சம உரிமை ஒப்பந்தங்களின் அடிப்படையில் உறவு கொள்வது" என்பது மூன்றாவது. இதை ஏற்கிறீர்களா, ஆமா இல்லையா? "பிரிவது" என்ற சொல் எங்கும் இல்லை. அதனால்தான் ரஷ்யர்களில் ஒரு பகுதியும் "ஆம்" போட முடிந்தது.

மார்ச் 13 அன்று, எட்டு நாள் முன்னதாக, ரஷ்ய அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கசான் தன் பிரதிநிதியை அனுப்பவே இல்லை. குடியரசு தன் தகுதியை மாற்றக் கோரலாம் என்பதை நீதிமன்றம் முழுக்க மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம், மூன்றாம் துண்டுகள் தத்தார்ஸ்தான் ரஷ்யாவில் இல்லை என்பதுபோல் பேசுகின்றன, ஒருதலைப்பட்சமாக அமைப்பை மாற்றுகின்றன, ஆகவே செல்லாது என்றது. வாக்கெடுப்புக்குச் சில நாள் முன் தத்தார்ஸ்தான் நாடாளுமன்றமும் இது பிரிவினை பற்றிய கேள்வி அல்ல என்று விளக்கம் வெளியிட்டது. வாக்களித்தவர்கள் 81.7 விழுக்காடு. "ஆம்" 61.4, "இல்லை" 37.2.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. மக்கள் தனி நாட்டுக்கு வாக்களிக்கவில்லை, சமமான ஒப்பந்தத்துக்கு வாக்களித்தார்கள். அந்த ஒப்பந்தம் கிடைக்கவும் செய்தது. அதுவரை இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் கசான் ஒவ்வொன்றாக மறுத்தது. 1992 மார்ச் 31 கூட்டாட்சி உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, செச்சென்-இங்குஷேத்தியாவும் அப்படித்தான். நவம்பர் 6 அன்று தன் அரசமைப்பை நிறைவேற்றியது. அதன் 61ஆம் பிரிவு தத்தார்ஸ்தானை ரஷ்யாவோடு ஒப்பந்தத்தால் "இணைவுற்ற" அரசு என்றது. 1993 டிசம்பர் 12 அன்று ரஷ்ய அரசமைப்புக்கான வாக்கெடுப்பில் தத்தார்ஸ்தானில் வாக்களித்தவர்கள் 15 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. அன்றைய ரஷ்யக் கீழவையான டூமாவின் தேர்தலும் அங்கே செல்லாமல் போய், 1994 மார்ச் 13ல் மறுபடி நடந்தது.

இரண்டு தேர்தலுக்கும் நடுவே, 1994 பிப்ரவரி 15 அன்று, யெல்த்சினும் தத்தார்ஸ்தான் ஜனாதிபதி மின்திமெர் ஷைமியேவும் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் முகப்புரையில் வரும் ஒரு சொல் மாற்றம் ஒரு பெரிய பேரத்தின் விலை. கசான் "இணைவுற்ற" என்பதை விட்டுக்கொடுத்தது, மாஸ்கோ "அங்கம்" என்பதை விட்டுக்கொடுத்தது. இரண்டு அரசமைப்புகளாலும் இந்த ஒப்பந்தத்தாலும் ரஷ்யாவோடு "ஒன்றிணைந்த" அரசு என்று எழுதினார்கள். இரண்டாம் பிரிவு தத்தார்ஸ்தானுக்கே உரியவற்றை அடுக்குகிறது: நிலமும் கனிமமும், குடியரசின் குடியுரிமை, ராணுவ சேவைக்கு மாற்றான குடிமைச் சேவை, வெளிநாட்டு உறவு, தேசிய வங்கி. ஒருதரப்பாக ரத்து செய்யவோ மாற்றவோ முடியாது என்றும் எழுதியிருந்தது. அதோடு வரவு செலவு, எண்ணெய், சுங்கம், ராணுவம் போன்றவற்றுக்கு அரசுகளுக்கு இடையேயான தனி உடன்பாடுகள். செச்சென்யாவில் அதே ஆண்டு டிசம்பரில் போர் தொடங்கியதை நினைத்தால் இந்தத் தாள்களின் மதிப்பு தெரியும்.

ஓட்டை எங்கே? மூன்று இடங்களில். முதலாவது, இந்த ஒப்பந்தத்தை ரஷ்ய நாடாளுமன்றம் சட்டமாக ஏற்கவில்லை. ஜனாதிபதி மட்டத்திலேயே நின்றது. இரண்டாவது, ரஷ்ய அரசமைப்பின் 11ஆம் பிரிவு அதிகாரத்தை ஒப்பந்தங்களாலும் பகிரலாம் என்கிறது. ஆனால் முரண்பட்டால் அரசமைப்பே மேலோங்கும் என்று அதே அரசமைப்பின் இறுதியில் வரும் இரண்டாம் பகுதி சொல்கிறது. மூன்றாவது, உடன்பாடுகளுக்குக் காலவரை உண்டு. நல்ல உறவு இருக்கும்வரை யாரும் இந்த ஓட்டைகளைத் தொடவில்லை.

2000ல் தொட்டார்கள். ஜூன் 7 அன்று அல்தாய் குடியரசு வழக்கில், இறையாண்மை கூட்டமைப்புக்கு மட்டுமே, அங்கங்களுக்கு அரைகுறையாகக்கூட இல்லை என்று அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. ஜூன் 27 அன்று அதையே தத்தார்ஸ்தான் உள்ளிட்ட ஆறு குடியரசுகளுக்குப் பொருத்தியது. 2002 ஏப்ரல் 19 அன்று தத்தார்ஸ்தான் தன் அரசமைப்பைத் திருத்தி எழுதி, "அங்கம்" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது. 2003 ஜூலையில் வந்த கூட்டாட்சிச் சட்டம், பழைய ஒப்பந்தங்களை இரண்டு ஆண்டுக்குள் கூட்டாட்சிச் சட்டமாக நிறைவேற்றாவிட்டால் அவை காலாவதி என்றது. ஒருதரப்பாக ரத்து செய்ய முடியாது என்று எழுதிய ஒப்பந்தம் ஒரு தரப்பின் சட்டத்தால் முடிந்தது இப்படித்தான்.

2007ல் இன்னொரு ஒப்பந்தம். முதல் முறை மேலவை அதை நிராகரித்தது. மறுபடி கையெழுத்திட்டு, ஜூலை 24 அன்று சட்டமாகி, ஆகஸ்ட் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆயுள் 10 ஆண்டு. எண்ணெய் எடுப்பதால் வரும் பொருளாதார, சுற்றுச்சூழல் விஷயங்களில் கூட்டு முடிவு, குடியரசுத் தலைவராக வருபவர் இரண்டு அரசு மொழிகளையும் அறிந்திருப்பது, ரஷ்யக் கடவுச்சீட்டுக்குள் தத்தார் மொழியில் குடியரசின் சின்னத்தோடு ஒரு உள்தாள். இவ்வளவுதான். 1994ல் தேசிய வங்கி, 2007ல் ஓர் உள்தாள். 2017 ஆகஸ்ட் 11 அன்று ஆயுள் முடிந்தது. நீட்டிக்கும்படி குடியரசின் நாடாளுமன்றமான பேரவை கேட்டது, பலன் இல்லை.

மொழியில் பட்ட அடிதான் வீடுகளுக்குள் போனது. லத்தீன் எழுத்துக்குத் திரும்ப 1999ல் தத்தார்ஸ்தான் சட்டம் இயற்றியது. 2002 டிசம்பரில் கூட்டாட்சிச் சட்டம் குடியரசுகளின் அரசு மொழிகளுக்கு சிரிலிக் எழுத்துதான் என்றது. 2004 நவம்பர் 16 தீர்ப்பு அதை உறுதி செய்தது. அதே தீர்ப்பு, பள்ளியில் தத்தார் மொழியைக் கட்டாயமாகக் கற்பிப்பது அரசமைப்புக்கு முரண் அல்ல என்றும் சொன்னது. ஆனால் 2017 ஜூலையில் புடின், தாய்மொழி அல்லாததைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பேசிய பிறகு அரசு வழக்கறிஞர்கள் பள்ளி பள்ளியாகச் சோதனைக்குப் போனார்கள். நவம்பர் 29 அன்று, பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் வாரம் 2 மணி நேரம் என்பதைக் கசான் பேரவை ஏற்றது. 2004 தீர்ப்பை யாரும் ரத்து செய்யவில்லை. அது பாட்டுக்குச் செல்லுபடியாகவே இருக்கிறது, வகுப்பறை மட்டும் மாறிவிட்டது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான்.

2021 டிசம்பர் சட்டம் குடியரசுகளின் தலைவரை "ஜனாதிபதி" என்று அழைப்பதை முடித்தது. கசான் பேரவை வரைவை எதிர்த்திருந்தது. கடைசியில் தலைவர் என்று பொருள்படும் "ரயிஸ்" என்ற சொல்லுக்கு இறங்கி வந்தார்கள். 2023 தொடக்கத்தில் அந்தத் திருத்தத்தோடு சேர்ந்து இறையாண்மை, குடியரசின் குடியுரிமை என்ற சொற்களும் தத்தார்ஸ்தான் அரசமைப்பிலிருந்து போயின. குடியரசின் அரசமைப்பு நீதிமன்றமும் அந்த ஆண்டு முதல் இல்லை. 2014 முதல் பிரிவினைக்கு அழைப்பு விடுவது குற்றம். 1989ல் தொடங்கிய தத்தார் தேசிய அமைப்பான தத்தார் பொது மையத்தைத் தீவிரவாத அமைப்பு என்று 2022ல் நீதிமன்றம் அறிவித்தது.

1917ன் மற்ற பாதை, நிலமில்லாத தன்னாட்சி, 1996 ஜூன் 17 சட்டத்தில் மறுபடி வந்தது. பெயரும் அதே, தேசியப் பண்பாட்டுத் தன்னாட்சி. ஆனால் மில்லி இதாரே வரி விதிக்கும் நிர்வாகம், இதுவோ பதிவு பெற்ற சங்கம். பெயரை நம்பி இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

மூல ஆவணங்களைத் தேடிப் படிப்பவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. தத்தார்ஸ்தானின் இன்றைய அரசமைப்பும் 1992 நவம்பர் 6 என்ற தேதியையே தாங்கி நிற்கிறது, ஏனென்றால் 2002ல் வந்தது புதிய அரசமைப்பு அல்ல, திருத்தப் பதிப்பு. "61ஆம் பிரிவின்படி தத்தார்ஸ்தான் சர்வதேசச் சட்டத்தில் தனித் தகுதி உடையது" என்று யாராவது எழுதினால், அவர் பழைய பதிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார். தேதியைப் பார்க்காதீர்கள், கடைசித் திருத்தம் எந்த ஆண்டு என்று பாருங்கள். பிறகு முதல் பிரிவைப் படியுங்கள்.